துறைமுகமும் சோற்றுப் பானையும்

மாலை மயங்கும் வேளை. முட்டுக்காட்டுப் பாலத்தின் ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். மேற்கே கழி, கிழக்கே கடல். கழியிலே பொழுதுபோக்க வந்தோரின் படகுகள், கூச்சல், கும்மாளம். கடலிலே, கண்ணுக்கெட்டிய தொலைவில், புள்ளி போல ஒரு படகு. மறுநாள் உலைக்கு வழிதேடிச் சென்ற உழைப்பாளியின் படகு. இரண்டு நீரும் சந்திக்கும் வாய் குறுகியது. மணல் மேடிட்டு அதனை அடைத்துவிட்டால் கழிக்குக் கடலும் இல்லை, கடலுக்குக் கழியும் இல்லை.

நம்முடன் மூன்று மாணவத் தோழர்கள் வந்திருந்தனர். செங்கற்பட்டில் படிப்பு வட்டம் நடத்துகிறவர்கள். 'வல்லரசும் சிறு நாடும்' என்ற தலைப்பில் அடுத்த வாரம் பேச வேண்டுமாம். குறிப்புகள் தருக என்றனர். சிறு நாடு தன் அயல்நாட்டுக் கொள்கையைத் தானே வகுத்துக்கொள்ள இயலுமா, அன்றி அது மேடையில் முழங்குவதற்கு மட்டும் ஏற்ற பேச்சா என்பது அவர்கள் கேள்வி. நூலகம் போவோம் என்றார் ஒருவர். வேண்டாம் தோழரே, கடற்கரைக்குப் போவோம். இந்தக் கேள்விக்கான ஏடுகளிற் சில அங்கே மணலிற் கிடக்கின்றன என்று கூறி அழைத்து வந்தோம்.

முதல் ஏடு பலருக்கும் நினைவிலிருப்பதே. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 11. இந்தப் பாலத்தின் மீதுதான் சீனக் குடியரசுத் தலைவர் ஷி ஜின்பிங்கின் வண்டிவரிசை மாமல்லபுரம் நோக்கி விரைந்தது. வழியெல்லாம் வளைவுகள், வாழைமரங்கள், கொடியசைக்கும் குழந்தைகள்! இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வேட்டி கட்டிக்கொண்டு கற்றளிகளைக் காட்டினார். மறுநாள் இதோ, கூப்பிடு தொலைவிலுள்ள கோவளத்தின் உயர்தர விடுதியிலே இருவரும் உரையாடினர். காஞ்சியிலிருந்து போதிதருமர் சீனம் சென்றார் என்ற செவிவழிச் செய்தி ஒரே வாரத்தில் சான்றுகாட்டத் தேவையற்ற வரலாறாகிவிட்டது! நரசிம்மவர்ம பல்லவன் 720-இல் சீனப் பேரரசருக்குத் தூதனுப்பியதாகச் சீன ஏடுகள் குறித்திருப்பதை அறிந்தோர் சிலரே. அது கிடக்கட்டும்.

உரையாடல் முடிந்ததும் ஷி ஜின்பிங் எங்கே போனார்? நேபாளத்துக்கு. இரு பெரு நாடுகளுக்கு நடுவே இடுக்கிலே நிற்கும் அந்த நாடு, அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 2015-இல், புதிய அரசியல் சட்டம் வகுத்துக்கொண்டபோது, தெற்கெல்லை வழியே வரவேண்டிய எரிநெய்யும் மருந்தும் மாதக்கணக்கில் தடைப்பட்டன. தடுத்தது தில்லி என்றது காத்மாண்டு. எல்லையோர மக்களின் கிளர்ச்சியே காரணம் என்றது தில்லி. அடுப்பு அணைந்த வீட்டிலே இருப்பவளுக்கு இந்த வழக்கின் தீர்ப்பு எதற்கு? அவளுக்குத் தெரிந்தது, எல்லைக்கு அப்பாலுள்ள ஏதோ ஒரு கை தன் அடுப்பு வரை நீளக்கூடியது என்பதே.

இரண்டாம் ஏடு பழையது. கோவளத்தைச் சுட்டிக்காட்டினோம். "அங்கே ஒரு நாட்டின் வணிகத்தை, ஒரு குண்டு கூடப் போடாமல், மைக்கூட்டைக் கொண்டே மூழ்கடித்தார்கள், தெரியுமா?" என்றோம். மாணவர்கள் விழித்தனர். விழிப்பதில் வியப்பில்லை, நாம் படித்த பாடநூல்களிலும் அது ஒரு வரிக்கு மேல் வந்ததில்லை.

இன்றைய பெல்ஜியத்திலே ஓசுடெண்டு என்றொரு துறைமுகம். அந்நாடு அன்று ஆஸ்திரியப் பேரரசர் ஆறாம் சார்லசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவ்வட்டாரத்து வணிகர் கோவளத்தில் இடம்பெற்றுத் துணி வாங்கினர்; சீனத்தின் காண்டன் வரை கப்பல் விட்டுத் தேயிலை கொணர்ந்தனர். 1722-இல் அவர்களது கம்பெனிக்குப் பேரரசரின் பட்டயமும் கிடைத்தது. ஆதாயம் கொழித்தது. பொறுப்பார்களா ஆங்கிலேயரும் ஆலந்துக்காரரும்? கடல் தங்கள் தாய்வீட்டுச் சீதனம் என்று எண்ணியிருந்தவர்கள் அல்லவா அவர்கள்! கூட்டணி சேர்த்தார்கள், குறிப்பு மேல் குறிப்பு அனுப்பினார்கள், போர் வரும் என்று பூச்சாண்டி காட்டினார்கள். 1727-இல் ஏழாண்டுக்கு அந்தக் கம்பெனி நிறுத்திவைக்கப்பட்டது. 1731-இல் வியன்னா ஒப்பந்தத்தில் அதற்குக் குழியே தோண்டப்பட்டது.

பேரரசர் ஏன் இணங்கினார்? அவருக்கு ஆண்வாரிசு இல்லை. மகள் மரியா தெரசா தமக்குப் பின் ஆளுவதைப் பிற மன்னர்கள் ஏற்கவேண்டும் என்ற கவலை. அதற்கு விலையாக ஓசுடெண்டைத் தூக்கிக் கொடுத்தார். 1740-இல் அவர் கண் மூடியதும், ஏற்கிறோம் என்று முன்னர் எழுதிக் கொடுத்த பிரஷ்யாவே அம்மகளின் நாட்டில் ஒரு பகுதி மீது படையெடுத்தது, வேறு கதை. ஓசுடெண்டு மாலுமியை எவரேனும் கேட்டார்களா? அவர்களுக்காகத் துணி நெய்த செங்கற்பட்டுச் சீமை நெசவாளியை? வாங்குவோர் ஒருவர் குறைந்தால் நெய்வோன் கூலி என்னாகும் என்று வியன்னா மாளிகையில் எண்ணிப் பார்த்தோர் யார்?

இவ்வளவில், பாலத்தின் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மெல்ல நெருங்கி வந்தார். கடற்கரைச் சாலையோர மாளிகை ஒன்றிலே காவல் வேலை பார்ப்பவர். வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

"சீனான்னு காதுல விழுந்துச்சுங்க ஐயா. சின்ன வயசுல சீனத்து அரிசியைத் தின்னு வளர்ந்தவன் நான்" என்றார்.

எங்கே என்றோம். இலங்கையில், களுத்துறைப் பக்கம், ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் என்றார். "அப்பா பால் வெட்டுறவரு. இங்கேருந்து பால் போகுது, அங்கேருந்து அரிசி வருதுன்னு கங்காணி சொல்லுவாரு. கூப்பனுக்கு அந்த அரிசிதான்."

மாணவர்களை நோக்கி, எழுதிக்கொள்ளுங்கள் தோழர்களே என்றோம். நாம் எடுக்க நினைத்திருந்த மூன்றாம் ஏடு தானாகவே நடந்து வந்து நம் முன் நின்றது!

கொரியப் போர்க்காலத்தில் ஏறிய ரப்பர் விலை பின்னர்ச் சரிந்தது. அரிசி விலையோ உயர்ந்தது. உண்ணும் அரிசியிற் பெரும்பகுதியை இறக்குமதி செய்து வாழ்ந்த இலங்கை இரண்டுக்கும் நடுவே நசுங்கியது. சீனத்துக்குப் போர்ப் பயனுள்ள பொருள்களை விற்காதீர் என்று 1951 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் அவை பரிந்துரைத்தது. ரப்பர் அவ்வகைப் பொருள். இலங்கை அன்று அந்த அவையில் உறுப்பினர் கூட இல்லை. 1955-இல்தான் இடம் கிடைத்தது. உள்ளே வர இடமில்லை, ஆனால் உள்ளே முடிவெடுத்தபடி நட என்ற நீதி!

இலங்கையின் அன்றைய அரசு பொதுவுடைமை அரசு அன்று. பொதுவுடைமையைக் கண்டாலே முகஞ்சுளித்த கட்சியின் அரசு. பிரதமர் டட்லி சேனநாயக்கா. வணிக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் சென்றார். 1952 டிசம்பர் 18-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் சீனம் தருவது 2,70,000 டன் அரிசி, இலங்கை தருவது 50,000 டன் ரப்பர். உலகச் சந்தை விலையை விஞ்சிய விலையைச் சீனம் ரப்பருக்குக் கொடுத்தது.

அமெரிக்கா சீறியது. சீன முகாமுக்குத் தடைப்பொருள் விற்கும் நாட்டுக்கு உதவி இல்லை என்று 1951-இல் அது ஒரு சட்டம் செய்துவைத்திருந்தது. அதன்படி இலங்கைக்கு உதவிக் கதவு அடைபட்டது. 1956 வரையில் திறக்கவில்லை. ரப்பர் இலைநோய்க்குத் தூவும் கந்தகம் கூட வராமல் நின்றது. மரத்துக்கு மருந்தை நிறுத்தினால் மனிதன் மண்டியிடுவான் என்ற கணக்கு! ஆனால் இலங்கை மண்டியிடவில்லை. ஒப்பந்தம் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு முப்பதாண்டு வாழ்ந்தது. அயல்நாட்டுக் கொள்கையில் சிறு நாட்டின் தன்மானத்துக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால், நாம் தயங்காமல் இதையே காட்டுவோம்.

மாணவத் தோழர் ஒருவர் முகம் மலர்ந்தது; தலைப்புக்கு ஏற்ற முடிவு கிடைத்துவிட்ட மகிழ்ச்சி. அவரது மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டியவரானோம். பெரியவரைப் பார்த்து, "அந்த ஒப்பந்தம் போட்ட ஆண்டில் உங்கள் தந்தையார்க்கு வாக்குரிமை இருந்ததா ஐயா?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "ஓட்டா? நாங்க எந்த நாட்டு ஆளுன்னே முடிவாகலியே!"

1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1952 மே மாதப் பொதுத்தேர்தலில் வாக்களிக்கும் உரிமையும் அவர்களிற் பெரும்பாலோர்க்கு இல்லை. அதே ஆண்டில், அவர்களும் சேர்ந்து வெட்டிய பாலைக் கொண்டுதான் கொழும்பு வாஷிங்டனை எதிர்த்து நிமிர்ந்து நின்றது! வெளியே நிமிர்ந்த முதுகு, உள்ளே ஒரு கூட்டத்தாரின் முதுகின் மேல் ஏறி நின்ற முதுகு. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குவது வரலாறு ஆகாது.

பிறகு 1964 அக்டோபர் 30. சாஸ்திரியும் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் தில்லியில் கையொப்பமிட்டனர். 9,75,000 பேர். இதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்! 1974-இல் அந்த எச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக்கினர். மூட்டையையும் முடிச்சையும் பங்கிடுவது போல் மக்களைப் பங்கிட்டனர். எந்த வல்லரசின் நெருக்கடியும் இங்கே இல்லை. இரு அரசுகளும் தன்னுரிமையோடு கைகுலுக்கிச் செய்த செயல். தோட்டத்து மக்களைக் கலந்து செய்ததன்று.

1972-இல், பதினெட்டு வயதில், தலைமன்னாரிலே கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் காத்திருந்து, நீலகிரித் தேயிலைக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தாராம் பெரியவர். அவருடைய அக்காளுக்கு அங்கேயே மணமாகியிருந்தது. கணவர் பெயர் இலங்கைப் பட்டியலில். அவர் தங்கிவிட்டார்.

இளையவரான மாணவத் தோழர் இதுவரை வாய் திறவாதிருந்தார். திறந்தபோது நேரே நம் நெஞ்சைக் குறிவைத்தார்.

"ஐயா, சிறு நாட்டை நெருக்குவது தவறு என்கிறீர்கள். 2013 மார்ச்சில் இலயோலாக் கல்லூரி மாணவர்கள் உண்ணாநோன்பு தொடங்க, தமிழ்நாட்டுக் கல்லூரிகளெல்லாம் கொதித்தெழுந்தபோது நீங்களும் பந்தலில் உட்கார்ந்தவர்தானே? இலங்கையை நெருக்கு என்றுதானே தில்லியைக் கேட்டீர்கள்? நாம் நெருக்கினால் அறம், அவர்கள் நெருக்கினால் ஆதிக்கமா?"

உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. ஆம், உட்கார்ந்தோம். இன்று மீண்டும் அழைத்தாலும் உட்காருவோம். ஆனால் அந்தக் கேள்வியைக் காற்றிலே தள்ளிவிட முடியாது. நமக்கும் ஒரு பழைய நோய் உண்டு. நாடிழந்து வந்த சிங்கள இளவரசன் மானவன்மனுக்குப் படைகொடுத்து இலங்கை அரியணையில் ஏற்றினான் நரசிம்மவர்மன் என்று மகாவம்சத்தின் தொடர்ச்சியே கூறுகிறது. அதனைப் படிக்கும்போது நமக்குத் தோள் பூரிக்கிறது! அயலான் செய்தால் ஆக்கிரமிப்பு, நம் பல்லவன் செய்தால் பரணி பாடுவோமா?

ஆகவே, தோழரே, நெருக்குகிறவன் யார் என்று மட்டும் பார்ப்பது போதாது. எதைக் கேட்டு நெருக்குகிறான், நெருக்கத்தின் பயன் யாருக்குச் சேர்ந்தது என்று பாருங்கள் என்றோம். பார்த்தால் ஒன்று புலப்படும்; நமக்கு அது கசப்பானது.

1987 சூன் 4-இல் இந்திய வானூர்திகள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலம் வீசின. சூலை 29-இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பிலே ஒப்பந்தம் செய்தனர். தமிழர் உரிமைக்கான ஒப்பந்தம் என்று தமிழகம் நம்பவைக்கப்பட்டது. அதனுடன் இணைத்துப் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் என்ன இருந்தது? திருகோணமலை முதலிய துறைமுகங்களை இந்திய நலனுக்கு மாறாக எந்த நாட்டுப் படைக்கும் தரலாகாது. திருகோணமலை எண்ணெய்க் கிடங்குகளை இரு நாடுகளும் சேர்ந்து சீர்படுத்த வேண்டும். அயல்நாட்டு ஒலிபரப்பு நிலையங்களுடன் செய்துகொண்ட உடன்பாடுகளை மறு ஆய்வு செய்ய வேண்டும்! துறைமுகம், எண்ணெய், ஒலிபரப்பு. தமிழன் ஒப்பந்தத்தில் இருந்தான். தில்லியின் தேவை கடிதத்தில் இருந்தது.

எது நிலைத்தது? வடக்கையும் கிழக்கையும் இணைத்ததை 2006-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. மாகாண அவைக்கென எழுதப்பட்ட நிலம், காவல் அதிகாரங்கள் ஏட்டிலேயே உறங்கின. 2014-க்குப் பின் ஆண்டுகள் பல ஓடியும் மாகாணத் தேர்தலே நடக்கவில்லை. எண்ணெய்க் கிடங்கோ, 2022 சனவரியில் புதிய ஒப்பந்தமாக மலர்ந்தது; 99 தொட்டிகளில் 61 கூட்டு நிறுவனத்துக்கு, 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளைக்கு. முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் தொட்டியை மறவாத தில்லி, மனிதனை எத்தனை எளிதில் மறந்தது!

இன்னொன்றும் சொன்னோம்; சொல்லும்போது குரல் கம்மியது. போர் முடிந்த பத்தாம் நாள் கூட ஆகவில்லை, 2009 மே 27. செனீவாவில் மனித உரிமை அவை. இலங்கை அரசைப் பாராட்டும் பாங்கில் அமைந்த தீர்மானம். ஆதரவு 29, எதிர்ப்பு 12. இந்துமாக்கடலில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த இந்தியாவும் சீனமும் அன்று ஒரே பக்கம் கை தூக்கின! முள்ளிவாய்க்காலின் மணல் ஆறவில்லை. 2012-இலும் 2013-இலும் தமிழகம் எரிமலையானதால் தில்லி மாற்றி வாக்களித்தது. 2014-இல் மீண்டும் நடுவிலே ஒதுங்கிக்கொண்டது. மக்களுக்காக நெருக்கும் நெருக்கம் மூன்றாண்டு கூட நிற்கவில்லை.

"அம்பாந்தோட்டையை விட்டுவிட்டீர்களே ஐயா" என்று நினைவூட்டினார் முதல் மாணவர். ஆம். 2017-இல் 112 கோடி டாலருக்கு, 99 ஆண்டுக் குத்தகைக்கு, சீன நிறுவனத்தின் கைக்குப் போன துறைமுகம் அது. 2022 ஆகஸ்டில் 'யுவான் வாங் 5' என்ற சீனக் கப்பல் அங்கே வர இருந்தது. ஆய்வுக் கப்பல் என்றது சீனம். வேவுக் கப்பல் என்று ஐயுற்றது தில்லி. அப்போது இலங்கையின் நிலை என்ன? ஏப்ரலிலேயே வெளிநாட்டுக் கடனைத் திருப்ப இயலாதென்று கைவிரித்தாயிற்று. சூலையில் குடியரசுத் தலைவர் கோத்தபய நாட்டை விட்டே ஓடினார். இந்தியா அவ்வாண்டில் கொடுத்த உதவி ஏறத்தாழ 400 கோடி டாலர். சீனமோ பெருங்கடன் கொடுத்த நாடு. ஒரு கையில் தில்லி தந்த எரிநெய், மறு கையில் பீக்கிங்கின் கடன்சீட்டு. கப்பலைத் தள்ளிப்போடுங்கள் என்று முதலிற் கேட்டது கொழும்பு. பிறகு வரலாம் என்றது. ஆகஸ்ட் 16-இல் கப்பல் வந்தது, ஆறு நாள் நின்றது, போயிற்று.

வேடிக்கை பின்னால்தான். இலங்கையின் வடக்கிலிருந்து வரும் ஆதிக்கத்தைப் பற்றிச் சீனத் தூதர் கட்டுரை தீட்டினார். இலங்கைக்கு வேண்டியது ஆதரவே, வேற்று நாட்டுக்காகத் திணிக்கும் அழுத்தம் வேண்டியதில்லை என்று இந்தியத் தூதரகம் திருப்பிக் கொடுத்தது. இரு வல்லரசும் சிறு நாட்டின் தன்னுரிமைக்காகக் கண்ணீர் வடித்தன, அந்நாட்டின் தலைநகரிலேயே இருந்துகொண்டு! 2024 சனவரி முதல் ஓராண்டுக்கு எந்த நாட்டு ஆய்வுக் கப்பலும் வேண்டாம் என்று கொழும்பு கதவைச் சாத்தியது. யாரையும் நோகாமல் யாருக்கும் இல்லையென்பது. ஏழை வீட்டு உபாயம். நாம் அதனை எள்ளவில்லை. 1952-இல் கொடுக்க ரப்பர் இருந்தது, நிமிர முடிந்தது. 2022-இல் கையில் கடன் மட்டுமே இருந்தது.

பெரியவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே கழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு அக்காளுடன் பேசினீர்களா என்றோம்.

"பேசாமலா ஐயா? கேசு இல்ல, மண்ணெண்ணெய்க்கு விடிய விடிய வரிசைன்னு அழுதுச்சு. பொறவு நம்ம ஊர்லேருந்து கப்பல்ல அரிசி வந்துச்சுன்னாங்க. 'தம்பி, உங்க நாட்டு அரிசி இந்தா உலையில கொதிக்குது'ன்னு போன்லயே சத்தத்தைக் கேக்க வெச்சுச்சு."

உண்மை. 2022 மே 18-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாட்டு அரசு அனுப்பிய முதற் கப்பல் 9,000 டன் அரிசியும், பால்மாவும், மருந்தும் சுமந்து சென்றது. தமிழர்க்கு மட்டும் என்று பிரிக்காமல், இலங்கை மக்கள் அனைவர்க்கும் என்று சட்டமன்றத்திலே தீர்மானித்து அனுப்பியது. அதற்குப் பதிலாக எந்தத் துறைமுகத்தையும் தமிழ்நாடு கேட்கவில்லை. கேட்கும் இடத்திலும் அது இல்லை.

"அக்காவுக்கு இப்போ ஓட்டு இருக்கா?" என்று கேட்டார் இளைய மாணவர். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை கிடைத்த செய்தியை நாம் சொல்லத் தொடங்குமுன் பெரியவரே தலையசைத்தார்.

"இருக்கு தம்பி. எனக்கும் இங்கே இருக்கு. ரெண்டு பேருக்கும் ஓட்டு வந்துடுச்சு, ரெண்டு நாட்டுல." பிறகு மாணவரின் குறிப்பேட்டைக் காட்டி, "நம்பரெல்லாம் எழுதுனீங்களே, அதுல எங்களையும் எழுதிக்குங்க. மூணு லட்சத்துல ஒண்ணு எங்கக்கா. அஞ்சேகால் லட்சத்துல ஒண்ணு நான்" என்றார்.

மாணவர் எழுதிக்கொண்டார். கழியில் கடைசிப் படகும் கரை ஒதுங்கியது. கோவளத்துக்குப் போகும் பேருந்தின் விளக்கு தெரியவே, பெரியவரிடம் விடைபெற்றுச் சாலையைக் கடந்தோம்.